பூனைக்கும் வலிக்கும், பாராசிட்டமால் அதற்கு மருந்தல்ல

பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. முழு மாத்திரை, அரை மாத்திரை, கால் மாத்திரை, குழந்தைகளுக்கான சிரப் என்று எந்த வடிவிலும் கூடாது. கால்நடை மருத்துவர்கள் அனைவருக்கும் தெரிந்த இந்தச் செய்தி, பூனை வளர்க்கும் பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அலட்சியக்காரர்கள் பூனைக்கு மாத்திரை தேடுவதில்லை. அது சுருண்டு கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காதவர்கள்தான் தேடுகிறார்கள். அதனால்தான் இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர் மருந்துக் கடைகளில் இந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்:

“அண்ணா, வீட்டுப் பூனைக்கு உடம்பு கொதிக்குது. நேத்துலேர்ந்து சாப்பிடல. என்ன மாத்திரை கொடுக்கலாம்?”

“டோலோ இருக்குல்ல? பாதியை உடைச்சுப் பால்ல கலந்து கொடும்மா. சரியாயிடும்.”

கேட்டவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, சொன்னவருக்கும் கிடையாது. ஆனால், இரண்டு தவறுகள் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. முதலாவது, ‘உடம்பு கொதிக்கிறது’ என்ற கணிப்பு. பூனையின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்முடைய கைக்கு அது எந்நாளும் சூடாகத்தான் படும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டுவது மனிதக் குழந்தைக்குப் பழகிய வழக்கம். பூனையிடம் அது செல்லாது. இரண்டாவது தவறு, அந்தப் பாதி டோலோ, அதாவது பாராசிட்டமால் மாத்திரை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால், கிலோவுக்குச் சுமார் 11 மி.கி. கணக்கில் மருந்து உள்ளே போகிறது. அதில் பாதியை 4 கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 80 மி.கி.யைத் தாண்டிவிடுகிறது. பூனைகளுக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 மி.கி. வரை என்பது உயிருக்கே ஆபத்தான எல்லை. கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே நச்சு விளைவு பதிவாகியிருக்கிறது. அந்த 650 மாத்திரையைப் பதினாறு துண்டாக உடைத்தால் கிடைக்கும் ஒரு துணுக்கு, அவ்வளவுதான் அது. ‘குழந்தை மருந்துதானே’ என்று சிரப் கொடுப்பவர்களும் உண்டு. 5 மில்லியில் 125 மி.கி. கொண்ட சிரப்பை 2 மில்லி ஊற்றினாலே 50 மி.கி. போய்விடும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கிறது.

அப்படியானால் எடையைப் பார்த்து இன்னும் குறைத்துக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. சிக்கல் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. நம் உடலுக்குள் போகும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியை, கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். இந்த இணைப்பைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான மரபணு, யுஜிடி1ஏ6 என்பது, பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பூனைக் குடும்பத்தில் ஆராயப்பட்ட இனங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பழுது இருப்பதைக் காட்டியது. இறைச்சியை மட்டுமே நம்பி வாழும் விலங்குக்குச் செடிகொடிகளில் உள்ள ஃபீனால் வகை நச்சுகளை முறிக்கும் தேவை இருக்கவில்லை. தேவைப்படாத மரபணு தலைமுறை தலைமுறையாகக் கெட்டுப்போனது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நாய்க்குக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதம் இதனால்தான் பூனையிடம் எடுபடாது. நாயின் கல்லீரலில் அந்த நொதி வேலை செய்கிறது.

வழக்கமான வழியில் வெளியேற முடியாத மருந்து, வேறு பாதைகளில் போய் நச்சுப் பொருள்களாக மாறுகிறது. அவற்றை முறிக்க உடலில் குளுட்டாதயோன் என்றொரு பொருள் உண்டு. அதன் கையிருப்பு தீர்ந்ததும் நச்சு சிவப்பணுக்கள் மீது பாய்கிறது. மனிதருக்குப் பாராசிட்டமால் அளவு மீறினால் முதலில் அடிவாங்குவது கல்லீரல். பூனைக்கு அடி விழுவது இரத்தத்தில். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு உருமாறி, மெத்ஹீமோகுளோபின் ஆகிவிடுகிறது. அது ஆக்சிஜனைச் சுமக்காது. பூனை மூச்சை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால், உள்ளே போன காற்று திசுக்களுக்குப் போய்ச் சேராது.

இதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சில மணி நேரத்திலேயே பூனை சோர்ந்து படுத்துவிடும், எச்சில் வடியும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு கலங்கல் சேற்று நிறத்தில் இருக்கும். முகமும் பாதங்களும் உப்பும். சிறுநீர் கருத்துப் போகும். இரத்தம் எடுத்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டால், காற்றுப் பட்ட பிறகும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே நிற்கும். ஆய்வக அறிக்கை வருவதற்கு முன்பே மருத்துவருக்கு விஷயத்தைச் சொல்லிவிடும் சொட்டு அது. ஆஸ்திரேலியாவில் காட்டுவெளிகளில் பெருகிவிட்ட பூனைகளைக் கொல்வதற்கென்றே ‘கியூரியாசிட்டி’ என்ற நச்சு இரையை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் இருக்கும் நஞ்சும் ஹீமோகுளோபினை இதே மெத்ஹீமோகுளோபினாக மாற்றித்தான் உயிரைப் பறிக்கிறது. பூனையை ஒழிக்க அறிவியலாளர்கள் தேர்ந்தெடுத்த அதே பாதையில்தான், நாம் பாசத்தோடு பாலில் கலந்து கொடுக்கும் மாத்திரையும் போகிறது.

முறிவு மருந்து இல்லாமல் இல்லை. மனிதர்களுக்குப் பாராசிட்டமால் நஞ்சை முறிக்கவும் சளியை இளக்கவும் கொடுக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன்தான் பூனைக்கும் முறிவு மருந்து. குளுட்டாதயோன் மீண்டும் உருவாக அது உதவுகிறது. கூடவே ஆக்சிஜன், டிரிப்ஸ், தேவைப்பட்டால் வேறொரு பூனையின் இரத்தம். மாத்திரை விழுங்கிய முதல் சில மணி நேரத்தில் கொண்டுவந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. பலர் வருவதோ முகம் வீங்கிய பிறகு, மறுநாள்.

பாராசிட்டமாலை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று இருந்துவிடவும் முடியாது. ஐபுபுரூஃபன் பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். காம்பிஃப்ளாம் போன்ற மாத்திரைகளில் ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன. தலைவலிக்கான சாரிடானிலும், சளி-காய்ச்சலுக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் வீடுகளில் கைவைத்தியம்போல் ஆகிவிட்ட பனடோலும் பாராசிட்டமால்தான். ஆஸ்பிரின் மனித உடலில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பூனையின் உடலில் அதற்கு ஒன்றரை நாள்வரை ஆகும். நாம் ‘வேளைக்கு ஒன்று’ என்று கொடுத்தால் மருந்து மேல் மருந்தாக உள்ளே தேங்கும்.

தைலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலி என்றால் கொஞ்சம் தைலம் தடவுவது நம் வீடுகளின் முதல் சிகிச்சை. பூனை நொண்டினால் அதன் காலிலும் தடவுகிறார்கள். கோடாலித் தைலம் முதலான வலி நிவாரணித் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி, தடவிய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நமக்கு நாமே தடவிக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. 2015-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஃபுளுர்பிபுரூஃபன் கலந்த வலி நிவாரணிக் களிம்பை உரிமையாளர்கள் தங்கள் கழுத்திலோ காலிலோ தடவியிருக்கிறார்கள். பூனைக்குத் தடவவே இல்லை. இருந்தும் இரண்டு வீடுகளில் பூனைகள் நோயுற்றன. ஒரு வீட்டின் பூனைகள் சிகிச்சையில் தேறின. இன்னொரு வீட்டின் பூனைகள் இறந்தன. களிம்பு தடவிய கையைக் கழுவாமல் பூனையைத் தடவிக் கொடுப்பதை, தடவிய காலோடு அதை மடியில் போட்டுக்கொள்வதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

இதையெல்லாம் கேட்டவர்கள் எடுக்கும் அடுத்த முடிவுதான் எனக்கு இன்னும் கவலையளிக்கிறது. ‘எதுவும் கொடுக்க வேண்டாம், தானாகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பூனைக்கு ஒன்பது உயிர் என்று சொல்லிச் சொல்லி, அதற்கு வலியே கிடையாது என்ற நினைப்பும் நமக்குள் ஊறிவிட்டது. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. அது இரை தேடும் விலங்கு என்பதோடு, பெரிய விலங்குகளுக்கு இரையாகும் விலங்கும்கூட. பலவீனத்தை மறைப்பது அதன் பிழைப்பு. நாயைப்போல் முனகி நம் காலடியில் வந்து விழாது. கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். வலியிலும்கூட அது குறுகுறுவென்று ஒலியெழுப்பும். அதைச் சந்தோஷம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. இப்படிப்பட்ட பூனைகள் பெரும்பாலும் நொண்டுவதில்லை. அலமாரி மேல் ஒரே தாவில் ஏறியது, இப்போது நாற்காலியில் ஏறி, அங்கிருந்து மேசைக்கு, பிறகு மேலே என்று தவணையில் ஏறுகிறது. மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் வெளியே சிறுநீர் கழிக்கிறது. முதுகின் பின்பகுதியை நக்க எட்டாததால் அங்கே முடி சிக்குப்பிடித்துக் கிடக்கிறது. தூக்கினால் சீறுகிறது. ‘வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிடுச்சு, குணம் மாறிடுச்சு’ என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். வலிக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க இன்று நல்ல கருவி ஒன்று இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பாலோ ஸ்டீகல் தலைமையிலான குழு, பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளவிடும் முறையை 2019-ல் வெளியிட்டது. காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை என்று பார்க்க வேண்டியவை ஐந்து. வலியில்லாத பூனையின் காதுகள் முன்பக்கம் பார்த்து நிமிர்ந்திருக்கும். வலி கூடக் கூட விலகி, தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பும். கண் இடுங்கும். வாய்ப்பகுதி உருண்டை வடிவம் போய் இறுகி நீளும். தளர்ந்து வளைந்திருந்த மீசை முறுக்கேறி முன்னோக்கி நேராக நிற்கும். தலை தோளுக்குக் கீழே தொங்கும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் பத்துக்கு நான்கைத் தொட்டாலே வலி நிவாரணம் தேவை என்று பொருள். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் மதிப்பெண் போடக் கூடாது. இது கைப்பேசிச் செயலியாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. பூனை வளர்க்கும் ஒவ்வொருவரும், அது நன்றாக இருக்கும் ஒரு நாளில், அதன் முகத்தை நேராக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், மருத்துவரிடமும் காட்டலாம்.

பூனைக்கு ஏற்ற வலி மருந்துகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்துவது மெலாக்சிகாம். அதன் கதையே ஒரு பாடம். ஐரோப்பாவில் பூனைகளின் நாள்பட்ட மூட்டுவலிக்கு அதைத் தொடர்ந்து கொடுக்க 2007-லேயே அனுமதி கிடைத்தது. அமெரிக்காவிலோ, ஒரு முறைக்கு மேல் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து பூனை இறக்கக்கூடும் என்று 2010-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஒரே மருந்துக்கு இரண்டு தீர்ப்புகள் எப்படி வந்தன? அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது கிலோவுக்கு 0.3 மி.கி. கொண்ட ஒற்றை ஊசி. ஐரோப்பாவில் முதல் நாள் 0.1, அதன்பின் நாளுக்கு 0.05 மி.கி. இந்த அளவின்படி 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 0.2 மி.கி. மனிதர்களுக்கான மிகச் சிறிய மெலாக்சிகாம் மாத்திரையே 7.5 மி.கி. அதைக் கத்தியால் எப்படி வெட்டினாலும் சரியான அளவு வராது. நீர் வற்றிய உடம்பிலும் பழுதான சிறுநீரகத்திலும் சரியான அளவே கூட ஆபத்தாகலாம். அதனால், இரத்தப் பரிசோதனை கேட்கும் மருத்துவரை ‘பணம் பிடுங்குகிறார்’ என்று ஏசுவது நியாயமில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு ரோபெனகாக்சிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது; அங்கே மூன்று நாட்களுக்கு மேல் கொடுப்பதில்லை. கடும் வலிக்குப் புப்ரினார்ஃபின் நல்ல மருந்து. ஆனால், இங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் சிறிய மருத்துவமனைகளில் அதைப் பார்ப்பது அரிது. நரம்பு வலிக்குக் கேபபென்டின் கொடுக்கிறார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு மாதம் ஒரு முறை போடும் ஃப்ருனெவெட்மாப் என்ற எதிர்ப்புரத ஊசிக்கு 2022 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இதில் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் அந்தப் பூனையைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டியது. மருத்துவரைக் கேட்காமல் ஒன்றோடு மற்றொன்றைச் சேர்ப்பது ஆபத்து; முக்கியமாக ஸ்டீராய்டோடு மெலாக்சிகாம் போன்ற வலி நிவாரணியைச் சேர்ப்பது இரைப்பையைப் புண்ணாக்கிக் கிழித்துவிடக்கூடும். மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் ஏற்கெனவே என்ன கொடுத்தோம் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். அரசுக் கால்நடை மருந்தகத்தை ஊர்ப்புறங்களில் இன்றும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறோம். ஆடு மாடுகளுக்காக உருவான அமைப்பு அது, அதில் தவறில்லை. 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பூனைக்கு உயர்தரச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால், அந்த வசதி எட்டாத ஊரில் இரவு பத்து மணிக்கு மாடியிலிருந்து விழுந்த பூனையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குத் திறந்திருப்பது மருந்துக் கடை ஒன்றுதான். அங்கே அவருக்குக் கிடைக்கும் பதில் சரியானதாக இருக்க வேண்டும்.

அதற்கு அரசு செய்யக்கூடியது உண்டு. நம் நாட்டு மருந்துகள் விதிகளின்படி, விலங்குகளுக்கான மருந்தின் மேல் ‘மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல; விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும்’ என்ற வாசகமும், வீட்டு விலங்கு ஒன்றின் தலைப்படமும் கட்டாயம் இருக்க வேண்டும். விலங்கின் மருந்து மனிதருக்குப் போய்விடக் கூடாது என்பதில் இவ்வளவு கவனம். மனிதரின் மருந்து விலங்குக்குப் போவதைத் தடுக்க, பாராசிட்டமால் அட்டையில் ஒரு வரி கிடையாது. அப்படி ஒரு வரியைச் சேர்ப்பது நடக்காத காரியம் அல்ல. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது தெரியவந்ததும், 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015-ல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடியும் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் முடிவை உறுதிசெய்தது. தமிழ்நாட்டின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இந்த முடிவுகள் கவசம். மாட்டுக்கு டைக்ளோஃபினாக்குக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டதும், பூனைக்குப் பயன்படும் அதே மெலாக்சிகாம்தான். ஒரு பறவைக்காகக் குப்பியின் அளவையே மாற்ற முடிந்த நாட்டில், பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் அட்டைகளில் ‘பூனைக்குக் கொடுக்கக் கூடாது’ என்று ஒரு வரி அச்சிடுவது பெரிய வேலையா? அட்டையில் வரும்வரை, மருந்துக் கடைகளில் ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லலாம். மாவட்டக் கால்நடை மருத்துவமனைகளில் என்-அசிட்டைல்சிஸ்டீன் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். விலை குறைந்த பழைய மருந்து அது.

கால்நடை மருத்துவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. கருத்தடை அறுவை முடித்துப் பெண் பூனையை வீட்டுக்கு அனுப்பும்போது, ஆன்டிபயாட்டிக் எழுதும் அதே சீட்டில் வலிக்கும் மருந்து எழுதுங்கள். வயிற்றைத் திறந்து தைத்த உயிருக்கு வலிக்கும். நீங்கள் எழுதாவிட்டால், அன்றிரவு அது படும் பாட்டைப் பார்த்து வீட்டுக்காரர்களே ஒன்றைத் தேடிக் கொடுப்பார்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. அமைதியான, இருட்டான, வெதுவெதுப்பான மூலையில் மெத்தென்ற துணி விரித்துப் படுக்க விடுங்கள். தண்ணீரும் மணல் தட்டும் அருகிலேயே இருக்கட்டும். மூட்டு வலியுள்ள வயதான பூனைக்கு ஜன்னலோரம் ஏற ஒரு முக்காலி, விளிம்பு தாழ்ந்த தட்டு, அதிகப்படியான எடையைக் குறைக்கும் உணவு ஆகியவை மருந்துக்கு இணையாக உதவும்.

பூனை மாத்திரையை விழுங்கிவிட்டது தெரிந்தால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பால் ஊற்ற வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியிலேயே மருத்துவரை அழைத்து, ‘பாராசிட்டமால் சாப்பிட்ட பூனை வருகிறது’ என்று சொல்லுங்கள். முறிவு மருந்தை அவர் தயாராக வைத்திருப்பார். நள்ளிரவானாலும் அப்போதே கிளம்புங்கள்.